கன்டெய்னரா, காசா? வெளிநாட்டுப் பேரிடருக்கு உதவும் சேவைச் சங்கங்கள்

கேள்விக்குறி, மார்ச் 4, இரவு 9.40

நிலநடுக்கம் நடந்த ஒரு நாட்டுக்கு எங்கள் சேவைச் சங்கம் உதவப் போகிறது. பணமாகக் கொடுத்தால் யார் பையில் விழும் என்று தெரியாது. பொருளாகக் கொடுத்தால் பொருளாகவே போய்ச் சேரும். இதுதான் என் கட்சி. 20 அடி கன்டெய்னர் ஒன்று: பழைய துணி, போர்வை, மருந்து, குழந்தைகளுக்குப் பால்பவுடர், உலர் உணவு. கப்பல் கூலி தர ஒருவர் முன்வந்திருக்கிறார். என்னென்ன தாள்கள் வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம்.

கிடங்குக்காரன், மார்ச் 4, இரவு 11.05

தாள்கள்தானே, சொல்கிறேன். புத்திமதி அதற்குள்ளேயே இருக்கிறது.

முதல் தாள் உங்கள் பக்கம் இல்லை, அங்கே இருக்கிறது. சரக்கு யார் பெயரில் இறங்கப் போகிறது? அந்தப் பெறுநர் அந்த நாட்டில் பதிவான அமைப்பாக இருக்க வேண்டும். இந்தச் சரக்குக்கு இறக்குமதி வரிவிலக்கு உண்டு என்று அரசிடம் எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் கைக்கு வராமல் கன்டெய்னர் புக் செய்யாதீர்கள். ‘கப்பல் போய்ச் சேருவதற்குள் வாங்கிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கப்பல் சொன்ன நாளில் போய்விடும், கடிதம் போகாது.

அடுத்தது பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், நன்கொடைச் சான்று, பொருள் எந்த நாட்டில் உருவானது என்ற மூலநாட்டுச் சான்று. இலவசம்தானே என்று இன்வாய்ஸில் விலையைப் பூஜ்யமாகப் போடுவது வழக்கமான கோளாறு. சுங்கத்துக்கு ஒரு மதிப்பு வேண்டும். ‘விற்பனைக்கு அல்ல, சுங்க மதிப்புக்காக மட்டும்’ என்று எழுதி நியாயமான விலையைப் போடுங்கள். பேக்கிங் லிஸ்டில் ‘நிவாரணப் பொருள்கள், 400 பெட்டி’ என்று ஒரே வரியில் முடித்தால் 400 பெட்டியையும் திறப்பார்கள். பெட்டி எண், உள்ளே என்ன, எத்தனை, எடை எவ்வளவு என்று வரிவரியாக வேண்டும். ஒரு பெட்டிக்குள் ஒரே வகைப் பொருள்தான்.

எச்.எஸ். எண்ணும் முக்கியம், அதாவது சுங்கத்தில் பொருள்வகையைக் குறிக்கும் எண். போர்வை 6301. கூடாரமும் தார்ப்பாயும் 6306. உடுத்திய துணி 6309. இந்த 6309 வந்தாலே பல நாடுகள் கிருமிநீக்கச் சான்று கேட்கும், சில நாடுகள் இறக்கவே விடாது.

இன்னொன்று தாமதக் கட்டணம். கன்டெய்னர் துறைமுகத்துக்குள் கிடந்தால் அதன் பெயர் டெமரேஜ். வெளியே எடுத்த கன்டெய்னரைக் காலி செய்து திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன். இலவச நாள்கள் முடிந்ததும் நாள்கணக்கில் ஏறும், போகப்போக விகிதமும் கூடும். கூலி தருகிறவர் இதையும் தருவாரா என்று கேட்டு வையுங்கள்.

கிடங்குக்காரன், மார்ச் 5, காலை 7.20

ஒன்று சேர்க்க வேண்டும். பெட்டிகளை அடுக்க மரப் பேலட் (அடித்தட்டு) போட்டால் அதில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தோடு பூச்சி நாடு தாண்டாமல் தடுக்கும் சர்வதேச விதி அது. கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் நாட்டுக் குறியீடும், ‘எச்.டி.’ அல்லது ‘எம்.பி.’ என்ற எழுத்தும் இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது, எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது. முத்திரை இல்லாத பேலட் ஒன்றே ஒன்று இருந்தாலும் முழுக் கன்டெய்னரும் நிற்கும். பிளாஸ்டிக் பேலட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை.

மருந்துமுனை, மார்ச் 5, காலை 10.15

பட்டியலிலிருந்து மருந்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை நெறிமுறை 1996-லிருந்து இருக்கிறது. போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டு காலாவதி மீதம் இருக்க வேண்டும். நோயாளி திருப்பிக் கொடுத்தது, மருத்துவருக்கு வந்த இலவச மாதிரி, இரண்டும் கூடாது. வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் அங்குள்ள மருத்துவர் படிக்கக்கூடிய மொழியில் அச்சாகியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெறுகிறவர் கேட்டிருக்க வேண்டும். வீடுவீடாகச் சேர்க்கும் மருந்து இதில் ஒன்றைக்கூடத் தாண்டாது.

1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்கு வந்து குவிந்த மருந்தும் மருத்துவப் பொருளும் சுமார் 5,000 டன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு வந்தது சுமார் 4,000 டன். பெரும்பகுதி யாரும் கேட்காதது. பிரித்து அடுக்க ஆளில்லை, அழிப்பதற்குத் தனியாகச் செலவு. காலாவதியான மருந்தைக் குப்பையில் கொட்ட முடியாது, உயர்வெப்பச் சூளையில் எரிப்பது போன்ற பாதுகாப்பான முறையில்தான் அழிக்க வேண்டும். அந்தச் செலவு நிவாரணப் பணத்திலிருந்துதான் போகும்.

பால்பவுடர் அதைவிட ஆபத்து. 2006-ல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆய்வு செய்தார்கள். நன்கொடைப் பால்பவுடர் கிடைத்த, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25.4 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு, கிடைக்காதவர்களில் 11.5 சதவீதம். தண்ணீர் கெட்டிருக்கிறது, கொதிக்க வைக்க அடுப்பில்லை, புட்டி கழுவ வழியில்லை. இலவசமாக டின் வந்ததும் தாய்ப்பால் குறைகிறது, டின் தீர்ந்தபின் பால் ஊறுவதும் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தைகளுக்குப் பால்பவுடர் தேவைதான். அதை ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்து, சுகாதாரப் பணியாளரின் மேற்பார்வையில் கொடுப்பார்கள். பொது விநியோகத்தில் வைப்பதில்லை.

கேள்விக்குறி, மார்ச் 5, மாலை 6.30

சரி, மருந்தும் பால்பவுடரும் போச்சு. துணியையும் எடுக்கச் சொல்லப் போகிறீர்களா? குளிரில் நடுங்குகிறவனுக்குத் துணி கொடுப்பதில் என்ன சுங்கச் சட்டம்?

கிடங்குக்காரன், மார்ச் 5, இரவு 10.50

குளிரில் நடுங்குகிறவருக்கு இன்று ராத்திரி துணி வேண்டும். உங்கள் கன்டெய்னர் கப்பலேறிப் போய்ச் சுங்கம் தாண்டும்போது பருவமே மாறியிருக்கும்.

இன்னொன்று, பழைய துணியில் துணி குறைவு, வேலை அதிகம். ஆண், பெண், குழந்தை, அளவு, பருவம் என்று பிரிக்க வேண்டும். பிரிக்காமல் வந்த மூட்டையைக் கூட்டத்தின் நடுவில் அவிழ்த்தால் அள்ளி எறிவதுதான் நடக்கும். பிறகு மழையில் நனைந்து அழுகும். ஒற்றைச் செருப்பும் மாலைநேர விருந்துக் கவுனும் எந்த நாட்டு நிவாரணக் கிடங்கிலும் கிடைக்கும், நம்புங்கள். 1998 மிட்ச் சூறாவளியின்போது ஹோண்டுராஸில் கேட்காமல் வந்த துணிமூட்டைகள் விமானநிலையத்தையே அடைத்துக்கொண்டன.

விமானத்தில் அனுப்பலாம் என்ற யோசனை அடுத்து வரும், அதனால் கணக்கை இப்போதே போட்டுவிடுகிறேன். விமானச் சரக்கில் உண்மை எடை, கனஅளவு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். நீளம் × அகலம் × உயரம் சென்டிமீட்டரில், வகுத்தல் 6,000. போர்வை நிறைந்த 60 × 50 × 40 பெட்டி தராசில் 9 கிலோ காட்டும். கணக்கில் 20 கிலோ. 11 கிலோ காற்றுக்குக் கூலி கட்டுகிறீர்கள்.

கூலியை விடுங்கள், இறங்க இடம் வேண்டாமா? 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்தின்போது காத்மாண்டு விமானநிலையத்துக்கு ஒரே ஓடுபாதை. மீட்புக் குழு, மருத்துவமனைக் கூடாரம், துணிமூட்டை எல்லாம் அதே வரிசையில் வானத்தில் காத்திருக்க வேண்டியதுதான்.

தண்ணீர்ப்பந்தல், மார்ச் 6, காலை 8.00

கிடங்குக்காரர் சொல்வது சரி. ஆனால் ‘பொருளே அனுப்பாதே’ என்று கேட்பவர் புரிந்துகொள்ளக் கூடாது. சங்கங்கள் பொருள் அனுப்பி நன்றாக நடந்த முறையும் உண்டு. ஷெல்டர்பாக்ஸ் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஹெல்ஸ்டன்-லிசார்ட் ரோட்டரி சங்கத்தின் திட்டமாக 2000-ல் தொடங்கியது. முதலில் போன 143 பெட்டிகள் 2001 குஜராத் நிலநடுக்கத்துக்கு. ஒரு குடும்பத்துக்கான கூடாரம், போர்வை, கருவிகள், தண்ணீர் சுத்திகரிப்பு எல்லாம் ஒரே பெட்டியில். 2012-லிருந்து ரோட்டரி இன்டர்நேஷனலின் திட்டப் பங்காளி. தண்ணீர் சுத்திகரிப்புப் பெட்டி அனுப்பும் அக்வாபாக்ஸும் அப்படித்தான், இங்கிலாந்தின் வர்க்ஸ்வர்த் ரோட்டரி சங்கத்திலிருந்து 1992-ல் வந்தது.

கிடங்குக்காரன், மார்ச் 6, காலை 9.10

அந்த எடுத்துக்காட்டு என் பக்கம்தான் பேசுகிறது. ஷெல்டர்பாக்ஸ் பேரிடர் நடந்த பிறகு துணி சேர்ப்பதில்லை. ஒரே வகைப் பொருளை முன்கூட்டி வாங்கி உலகின் பல இடங்களில் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். ஆள் போய்ப் பார்த்துத்தான் எது தேவை என்று முடிவு செய்கிறார்கள். எங்கும் பெட்டியேதான் என்றும் இல்லை. கூடாரம் வேண்டாத இடத்துக்குத் தார்ப்பாயும் கருவியும் மட்டும் போகும். சங்கங்கள் கொடுப்பது பணம். பெட்டி அவர்கள் வேலை.

தண்ணீர்ப்பந்தல், மார்ச் 6, காலை 9.35

ஒப்புக்கொள்கிறேன். பணம் கொடுத்து வாங்கச் சொன்னாலும் எதை வாங்குகிறார்கள் என்று சங்கத்துக்குத் தெரிந்திருந்தால் நல்லது. கொட்டேஷன் வரும்போது இரண்டு கேள்வி கேட்கலாமே.

நிவாரணப் பணிக்கான சர்வதேசத் தரநூல் ஸ்பியர் கையேடு. அதன் குறைந்தபட்ச அளவுகள்: ஆளுக்கு நாளொன்றுக்குத் தண்ணீர் 15 லிட்டர், கூரையடி இடம் 3.5 சதுர மீட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது. குளியல் சோப்பு ஆளுக்கு மாதம் 250 கிராம், துவைக்க 200 கிராம். குடும்பத்துக்கு 10 முதல் 20 லிட்டர் கொள்ளும் மூடிபோட்ட பாத்திரம் இரண்டு: ஒன்று எடுத்துவர, ஒன்று சேமிக்க.

பாத்திரம் மறந்துபோவதுதான் எப்போதும். குளோரின் மாத்திரை வண்டிவண்டியாக வரும், 20 லிட்டர் கேன் வராது. 67 மில்லிகிராம் மாத்திரை 20 லிட்டர் தெளிந்த தண்ணீருக்கு. வீட்டில் இருப்பது 5 லிட்டர் குடம் என்றால் ஒரு மாத்திரை நாலு மடங்கு. மருந்து நாற்றம் தாங்காமல் கொட்டிவிட்டுக் குட்டைத் தண்ணீரையே குடிப்பார்கள். முதலில் பாத்திரத்தின் அளவைக் கேட்டு, அதற்கேற்ற வீரியத்தில் மாத்திரை வாங்க வேண்டும்.

கலங்கல் தண்ணீரில் வெறும் மாத்திரை போதாது. குளோரினை அழுக்கே தின்றுவிடும். துணியில் வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் படியவைக்கும் தூள் பொட்டலம் வாங்க வேண்டும். ஒரு பொட்டலம் 10 லிட்டருக்கு. 5 நிமிடம் கலக்கி, 5 நிமிடம் தெளியவிட்டு, துணியில் வடித்து, 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வாளியும் ஒரு துணியும் இல்லாத வீட்டுக்கு அந்தப் பொட்டலம் வீண். மாத்திரைக்கு 30 நிமிடம். அதன்பின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் சரி. பார்க்கச் சின்ன பரிசோதனைக் குப்பி போதும், ஆனால் அதைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

மருந்துமுனை, மார்ச் 6, பிற்பகல் 1.00

கழிப்பறைக் கணக்கில் ஒரு திருத்தம். 20 பேருக்கு ஒன்று என்பது நிலைமை சீரான பின். முதல் கட்டத்தில் 50 பேருக்கு ஒன்றாவது வேண்டும். அதேபோல 15 லிட்டரும் முதல்நாள் கணக்கு இல்லை. உயிர் தாங்கக் குடிக்கவும் சாப்பாட்டுக்கும் 2.5 முதல் 3 லிட்டர். முதல் வாரத்து அறிக்கையில் 15 இல்லையே என்று பங்காளிச் சங்கத்தைக் குடையாதீர்கள்.

தண்ணீர்ப்பந்தல், மார்ச் 6, பிற்பகல் 1.20

சரி. இடத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. குளிர்நாட்டில், உள்ளேயே சமைத்து உள்ளேயே இருக்கும்போது, ஆளுக்கு 4.5 முதல் 5.5 சதுர மீட்டர். ஐந்து பேருக்கு 16 சதுர மீட்டர் கூடாரம் வெயில்நாட்டிலேயே சற்று நெருக்கம். 2023 பிப்ரவரி துருக்கி, சிரியா நிலநடுக்கம் மாதிரி உறைபனியில் வந்தால் கணக்கே வேறு. அடுப்பு வேண்டும், புகைபோக்கி வெளியே போகக் கூடாரத்தில் தீப்பிடிக்காத வளையம் வேண்டும், தரைக்குப் பாய் வேண்டும். அது இல்லாமல் அடுப்பை மட்டும் கொடுத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளேயே தங்கும். போர்வையும் தரத்தில் வேறுபடும். ‘அதிக வெப்பம் காப்பது’ என்று கொட்டேஷனில் எழுதிக் கேட்காவிட்டால் மெல்லியதுதான் வரும்.

கிடங்குக்காரன், மார்ச் 6, இரவு 8.45

தார்ப்பாய் பேச்சு வந்ததால்: நிவாரணத் தரம் என்றால் 4 × 6 மீட்டர், நெய்த பாலித்தீன், இருபுறமும் பூச்சு. சதுர மீட்டருக்கு 200 கிராம் என்றால் ஒரு பாய் 4.8 கிலோ வர வேண்டும். வந்த சரக்கில் ஒன்றை உருவித் தராசில் வையுங்கள். 3 கிலோ காட்டினால் அது கடைத்தெருத் தார்ப்பாய். வெயிலில் சில மாதத்தில் பொடியாகும். தராசைவிட நேர்மையான ஆடிட்டர் கிடையாது.

பாய் கிழிவது பெரும்பாலும் துணியின் குற்றம் இல்லை, கட்டியதன் குற்றம். பாயின் ஓரத்திலுள்ள உலோகக் கண்ணியில் மட்டும் கயிறு போட்டால் முதல் காற்றில் கண்ணி பிய்ந்துவிடும். மூலையில் உருண்டைக் கல்லை வைத்துப் பாயால் சுற்றி, அதன் கழுத்தில் கயிறு கட்டினால் இழுவை பரவலாகும். ஆணி அடிப்பதென்றால் பாய்மேல் மரச்சட்டம் வைத்து அடிக்க வேண்டும். தொய்வு விட்டால் மழைநீர் குளம் கட்டும், காற்றில் படபடத்துக் கிழியும். எனவே பாயோடு கயிறு, கம்பி, ஆணி, சுத்தியல், ரம்பம், மண்வெட்டி போக வேண்டும். செஞ்சிலுவைக் கூட்டமைப்பின் தங்குமிடத் தொகுப்பு இந்த அடிப்படையில்தான்: இரண்டு தார்ப்பாய், கருவிகள், கட்டுப்பொருள்கள்.

நிதிப்பெட்டி, மார்ச் 7, காலை 6.50

மூன்று நாளாகப் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். முதல் கேள்வி பணம் எந்தப் பையில் விழும் என்பதுதானே? அதற்குப் பதில் யாரும் சொல்லவில்லை.

சேவைச் சங்கத்துக்கு உள்ள பலமே அங்கேயும் ஒரு சங்கம் இருப்பதுதான். லயன்ஸ், ரோட்டரி எதுவானாலும் பாதித்த ஊரில் கடை வைத்திருப்பவர், மருத்துவர், ஆசிரியர் உறுப்பினராக இருப்பார்கள். எந்தத் தெருவில் லாரி போகும், எந்தக் கடைக்காரரிடம் சரக்கு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் உள்ளூரிலேயே வாங்கினால் கப்பல் கிடையாது, சுங்கம் கிடையாது, 6309 கிடையாது. அங்குள்ள கடைக்காரருக்கும் வியாபாரம்.

முதல் நாள்களுக்கு: லயன்ஸ் அறக்கட்டளையின் அவசர மானியம் 10,000 டாலர் வரை, பாதித்த லயன்ஸ் மாவட்டமே (பல சங்கங்கள் சேர்ந்த பிரிவு, அரசு மாவட்டம் அல்ல) கேட்க வேண்டும். ரோட்டரி அறக்கட்டளையின் பேரிடர் மானியமும் பாதித்த பகுதி மாவட்டத்துக்குத்தான். வெளியிலிருக்கும் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, அந்த நிதியில் சேர்க்கலாம். ரோட்டரியின் குளோபல் கிராண்ட் வேறு: திட்டத்தின் மொத்தம் குறைந்தது 30,000 டாலர், இரு நாட்டுச் சங்கங்கள் கூட்டாக, முன்கூட்டியே தேவை மதிப்பீடு செய்து. அது நிவாரணத்துக்கு ஆகாது. ஆறு மாதம் கழித்துப் பள்ளிக்குத் தண்ணீர், கழிப்பறை என்று வரும்போது சரியாகப் பொருந்தும். அப்போது தொலைக்காட்சிக் கேமரா அங்கே இருக்காது. சங்கங்கள் பணத்தைப் பிரித்து வைக்க வேண்டியது அந்தக் காலத்துக்குத்தான் என்பது என் எண்ணம்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை. தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள், அவர் மாவட்ட ஆளுநராகவே இருந்தாலும். சங்கத்தின் அல்லது மாவட்டத்தின் கணக்கு, இரண்டு கையெழுத்து. அறக்கட்டளைப் பணம் எல்லை தாண்டுவதற்குப் பல நாடுகளில் முன்அனுமதி வேண்டும். உங்கள் கணக்காயரைக் கேட்காமல் வசூலையே தொடங்காதீர்கள், வரிவிலக்கு போகும். வங்கியில் ‘கட்டணம் முழுவதும் அனுப்புபவர் கணக்கில்’ என்ற தெரிவைப் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவிலுள்ள வங்கி பிடித்துக்கொள்ளும், அங்கே குறைவாக விழும், இரண்டு ரசீதும் கடைசிவரை ஒத்துப்போகாது. தணிக்கையில் அந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் நோண்டுவார்கள்.

முழுத்தொகையும் ஒரே தவணையில் வேண்டாம். முதல் தவணைக்கு விலைப்பட்டியல் மூன்று, கொள்முதல் ரசீது, கிடங்கு வரவு-பற்று, பெற்றவர் கையொப்பப் பட்டியல் வந்த பிறகு அடுத்தது. இந்த நாலு தாளும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். 300 தார்ப்பாய் வாங்கி 300 கையொப்பம் இருந்து, கிடங்கில் இன்னும் 20 பாய் இருந்தால் யாரோ பொய்க் கையெழுத்து போட்டிருக்கிறார்கள்.

கேள்விக்குறி, மார்ச் 7, இரவு 9.15

என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆனால் உறுப்பினர்கள் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்கிறார்கள். காசோலையில் கையெழுத்து போட்டால் கூட்டத்துக்கு ஆள் வராது. சிலர் நேரில் போகவே தயார். சூரிய விளக்கு மட்டுமாவது பெட்டியில் போட்டு விமானத்தில் அனுப்பலாமா?

கிடங்குக்காரன், மார்ச் 7, இரவு 10.30

சூரிய விளக்குக்குள் லித்தியம்-அயான் பேட்டரி இருந்தால் ஆபத்தான சரக்கு விதி. ஐ.நா. பட்டியலில் அதற்கு எண் உண்டு: கருவிக்குள் இருப்பது யு.என். 3481, பேட்டரி தனியாகப் போனால் யு.என். 3480. தனி லித்தியம்-அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து தடை. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. அறிவிக்காமல் பெட்டியில் ஒளித்தால் மொத்தச் சரக்கும் நிற்கும். பவர் பேங்கும் இதே கதைதான்.

நேரில் போவது: யாரும் கூப்பிடாமல் போகிறவருக்கும் தண்ணீர், படுக்கை, வண்டி, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அத்தனையும் அங்கே பற்றாக்குறை. உங்களில் கட்டமைப்புப் பொறியாளர் இருந்து அங்குள்ள சங்கம் எழுதிக் கேட்டால் போகட்டும்.

நிதிப்பெட்டி, மார்ச் 8, காலை 7.05

கையால் செய்ய வேலையா இல்லை? வசூல் நிகழ்ச்சி நடத்தலாம். பழைய துணியை ஊரிலேயே விற்றுக் காசாக்கலாம், துணி கொடுத்தவர்களிடம் சொல்லிவிட்டு. பங்காளிச் சங்கத்தின் ரசீதுகளை வாங்கி இங்கிருந்தே கணக்கெழுதித் தரலாம். அங்கே அந்த வாரத்தில் யாருக்கும் கணக்கெழுத நேரம் இருக்காது. பெரிய உதவி அதுதான், போட்டோவில் வராது, அவ்வளவே.

மருந்துமுனை, மார்ச் 8, காலை 11.40

போட்டோ என்றதும் ஒன்று: பெற்றவர்களின் படம் அனுப்பச் சொல்லிப் பங்காளியை வற்புறுத்தாதீர்கள். பொருளின் படம், ரசீதின் படம் போதும். ஆள் முகம் வேண்டுமென்றால் அவர் சம்மதம் வேண்டும். பொருள் கொடுக்கும் முன் கேட்டால் அது சம்மதம் ஆகாது.

தண்ணீர்ப்பந்தல், மார்ச் 8, மாலை 5.25

தலைப்பைவிட்டுப் போகிறேன். 2004-க்குப் பிறகு இலங்கையிலும் ஆச்சேயிலும் ஆளாளுக்குப் படகு கொடுத்தார்கள். படத்துக்கு அழகு, பெயர் எழுதலாம், அறிக்கையில் எண்ணலாம். சில இடங்களில் மீனவரைவிடப் படகு அதிகம். பல படகுகள் கடலுக்குத் தகுதியே இல்லாத சின்னப் படகுகள். இழந்தது வலையும் எஞ்சினும் பனிக்கட்டி நிலையமும் என்றால் படகு என்ன செய்யும்? பின்கட்டப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று நிதிப்பெட்டி ஆறு மாதம் கழித்துக் கேட்கப் போகிற கேள்வி இது.

கேள்விக்குறி, மார்ச் 9, இரவு 8.10

கூட்டத்தில் பேசி முடிவெடுத்தோம். கன்டெய்னர் இல்லை. வேண்டுகோள் வாசகம் இது, சரிபாருங்கள்: ‘நிலநடுக்கத்தில் பாதித்த குடும்பங்களுக்குத் தார்ப்பாயும் கருவித் தொகுப்பும் வாங்க உங்கள் நன்கொடை முழுவதும் பயன்படும்.’

நிதிப்பெட்டி, மார்ச் 9, இரவு 9.00

‘முழுவதும்’ என்ற சொல்லை எடுங்கள், வங்கிக் கட்டணத்தை எங்கே எழுதுவீர்கள்? தார்ப்பாய் என்றும் கட்டிப்போடாதீர்கள். அங்கே ஏற்கெனவே போதுமான பாய் வந்துவிட்டால் உங்கள் பணம் முடங்கும். இப்படி மாற்றுங்கள்: ‘நிலநடுக்கத்தில் பாதித்தவர்களின் நிவாரணத்துக்கும் மறுகட்டுமானத்துக்கும், அங்குள்ள பங்காளிச் சங்கத்தின் வழியாக. இந்தத் தேவைக்கு மேல் சேரும் தொகையும், பயன்படுத்த முடியாத தொகையும் பிற பேரிடர்களுக்கான நிதியில் வைக்கப்படும்.’ இரண்டாவது வாக்கியம் இல்லாமல் வசூலித்தால் மிச்சப்பணத்தைத் தொடக்கூட முடியாது. கொடுத்த ஒவ்வொருவரிடமும் மறுபடி அனுமதி கேட்க வேண்டிவரும்.

கிடங்குக்காரன், மார்ச் 9, இரவு 9.20

கன்டெய்னர் புக்கிங் போட்டிருந்தால் கப்பல் கம்பெனிக்கு நாளைக்கே எழுத்தில் ரத்துக் கடிதம் அனுப்புங்கள். கட்-ஆஃப் தேதி (கடைசி நாள்) தாண்டினால் ஏற்றாத சரக்குக்கும் டெட் ஃப்ரெய்ட் என்று கூலி கேட்பார்கள்.